டுபாயில வீடு பாக்கிறதெண்டா ஓகஸ்ட் மத்தியானத்தை நினைச்சுப் பாக்க வேணும்

போன கிழமை சித்தியின்ட மகன் வெள்ளவத்தையில எங்கட வீட்டுக்கு வந்திருந்தான். டுபாயில வேலை சரி வந்திட்டுது, ரெண்டு மாசத்தில போக வேணுமாம், ஓபிஸ் பிஸ்னஸ் பே பக்கம். ஃபோனில இருபது முப்பது ஃபிளாட்டின்ட படம் சேவ் பண்ணி வச்சிருக்கிறான். "அண்ணா இதைப் பாருங்கோ, இண்டர்நேஷனல் சிட்டியாம், வாடகை நல்லாக் குறைவு, இது ஷார்ஜா, அதிலயும் குறைவு, எதை எடுக்கிறது" எண்டு கேட்டான். நான் திருப்பிக் கேட்டது ஒண்டே ஒண்டுதான். "தம்பி, ஓகஸ்ட் மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு இந்த வாசல்ல இருந்து மெட்ரோவுக்கோ பஸ் ஹோல்டுக்கோ எத்தினை நிமிஷம் நடக்க வேணும்?" அவனுக்கு விளங்கேல்ல. எனக்கும் அங்க போய் இறங்கேக்க விளங்கேல்லதான், ஒம்பது வருஷம் இருந்து மூண்டு வீடு மாறின பிறகுதான் விளங்கினது. அதால இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறன், கொழும்பில இருந்து போற ஆரும் இதை வாசிச்சிட்டு வீடு பாத்தா நல்லது.

நாங்கள் கொழும்பில வீடு பாக்கிற முறை எல்லாருக்கும் தெரியும்தானே. கோயில் கிட்டவா, ஸ்கூல் கிட்டவா, பக்கத்தில எங்கட சனம் இருக்குதா, காலி வீதிக்கு ஏறினா 100, 101 பஸ் வருமா, கடற்காத்து உள்ள வருமா, வீட்டுக்காரர் எத்தினை மாச அட்வான்ஸ் கேக்கிறார், அவ்வளவுதான் கணக்கு. வெய்யில் எண்டது கணக்கிலயே இல்ல, ஏனெண்டா கொழும்பில எவ்வளவு புழுங்கினாலும் பகல் வெப்பம் அனேகமா 31, 32க்குள்ளதான் நிக்கும், ஒரு லேன் முழுக்க நடந்து போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வரலாம். டுபாயில ஓகஸ்டில பகல் வெப்பம் 41, 42 எண்டுறது சாதாரண நாள், 45ஐத் தாண்டுற நாளும் வரும், இரவிலயும் 30க்குக் கீழ இறங்கிறது கஷ்டம்.

பாலைவனம் எண்டா வறண்ட காத்துத்தானே, வேர்க்காது எண்டு எங்கட ஆக்கள் நினைச்சுக்கொண்டு போறது. அது உள்நாட்டில, அல் ஐன் பக்கம் ஓரளவுக்குச் சரி. டுபாய், அதுக்குப் பக்கத்து ஊர் ஷார்ஜா எல்லாம் கடலோரம். பாரசீக வளைகுடா ஆழம் குறைஞ்ச கடல், கோடையில தண்ணியே 33 பாகை மாதிரி சூடாகி ஆவியைத் தூக்கி நகரத்துக்கு மேல போட்டுடும். ஏசி உள்ள லொபியில இருந்து கதவைத் திறந்து வெளிய காலை வச்ச உடனை கண்ணாடி முழுக்கப் புகார் பிடிச்சு ஒண்டும் தெரியாது, துடைச்சா மறுபடியும் பிடிக்கும், அந்த ஒரு நிமிஷம் வாசல்லயே நிண்டுதான் ஆக வேணும். அதுக்குப் பிறகு ஷேர்ட் முதுகோட ஒட்டும். பத்து நிமிஷம் நடந்து ஓபிஸ் போனா உடுப்பு மாத்த வேணும். வெளி வேலை செய்யிறவைக்கு ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 15 மட்டும் மத்தியானம் 12.30 தொடக்கம் 3 மணி வரைக்கும் வெய்யில்ல வேலை வாங்கக் கூடாது எண்டு அரசாங்கமே சட்டம் போட்டிருக்கு. அந்த நேரத்தில பிள்ளையையும் கூட்டிக்கொண்டு 12 நிமிஷம் நடக்க வேண்டிய ஃபிளாட், படத்தில எவ்வளவு வடிவா இருந்தாலும் வருஷத்தில நாலஞ்சு மாசம் உங்களுக்குச் சிறைதான்.

இனி அந்த நகரம் ஏன் இப்படி இருக்கு எண்டதையும் சொல்ல வேணும், ஏனெண்டா அது தெரிஞ்சாத்தான் எந்த இடம் ஏன் குறைவு, எந்த இடம் ஏன் கூட எண்டு பிடிபடும். பழைய டுபாய் எண்டது ஒரு கழிமுகம், க்ரீக் எண்டு சொல்லுறது, அதுக்கு ஒரு பக்கம் தேரா, மற்றப் பக்கம் பர் டுபாய். எண்ணெய் கண்டுபிடிச்சது 1966ல, அதுக்கு முதலே அது வியாபார ஊர். ஏசி இல்லாத காலத்தில கட்டின பகுதி எண்டபடியா சந்துகள் ஒடுக்கம், ஒரு வீட்டின்ட நிழல் மற்ற வீட்டில விழும், வீட்டுக்கு மேல காத்துக் கோபுரம் கட்டிக் காத்தைக் கீழ இறக்குவினம். அதுக்குப் பிறகு நகரம் அபுதாபிப் பக்கம் ஷேக் சாயத் ரோட்டை ஒட்டி நீளமா ஓடத் தொடங்கிச்சுது, 1979ல ஜெபல் அலி துறைமுகம் திறந்தது, 2002ல வெளிநாட்டாக்கள் சில இடங்களில சொந்தமா வீடு வாங்கலாம் எண்டு விட்ட பிறகு மரீனா, ஜேஎல்டி எண்டுற ஜுமைரா லேக் டவர்ஸ், டிஸ்கவரி கார்டன்ஸ், இண்டர்நேஷனல் சிட்டி எண்டு புதுக் குடியிருப்புகள் மணலுக்க முளைச்சுது.

காலி வீதியை நினைச்சுப் பாருங்கோ, அதுவும் நீளமான ஒரே ரோட்டுத்தான், ஆனா ரெண்டு பக்கமும் லேன், லேனுக்குள்ள வீடு, சந்தியில கடை, எங்கயும் குறுக்கால போகலாம். ஷேக் சாயத் ரோட்டு அப்படி இல்ல, ரெண்டு பக்கமும் சேத்து 12, 14 வரிசை வாகனம் ஓடுற ரோட்டு. எதிர்ப் பக்கம் தெரியிற கட்டடத்துக்கு நடந்து போகேலாது, மெட்ரோ ஸ்டேஷன்ட பாலத்தால ஏறித்தான் கடக்க வேணும், இல்லாட்டி வாகனத்தில சுத்திக்கொண்டு வர வேணும். மப்பில ரெண்டு இடம் 400 மீற்றர் தூரம் எண்டு காட்டும், நடந்தா ரெண்டு கிலோமீற்றர். ஆக புது இடங்கள் எல்லாம் கார் வச்சிருக்கிறவனுக்காகக் கட்டினது, பழைய இடங்கள் நடக்கிறவனுக்காகக் கட்டினது. எங்கட சனமும் இந்தியச் சனமும் இண்டைக்கும் கராமா, பர் டுபாய், தேரா, குசைஸ் எண்டு திரும்பத் திரும்ப அங்கயே போறதுக்கு வாடகை, சாப்பாடு மட்டும் காரணமில்ல. இறங்கினாக் கடை, இறங்கினா சலூன், இறங்கினா மருந்துக் கடை, அதுதான் பெரிய காரணம்.

மெட்ரோ வந்தது 2009 செப்டம்பர் 9, அது ரெட் லைன். சரியா ரெண்டு வருஷம் கழிச்சு 2011 செப்டம்பர் 9 கிரீன் லைன். ஓட்டுனர் இல்லாத ட்ரெயின், ஸ்டேஷன்ட பாலமெல்லாம் ஏசி, சில பாலத்தில நிண்டபடியே கொண்டு போற ஓடுபாதையும் இருக்கு. கட்டணம் வலயத்தைப் பொறுத்து, பயணத்துக்குக் காசு போட்டு வைக்கிற சாதாரண நொல் கார்ட்டில ஒரு வலயத்துக்குள்ள 3 திர்ஹாம், பக்கத்து வலயம் எண்டா 5, அதுக்கு மேல எவ்வளவு தூரம் போனாலும் 7.50. இந்தக் கணக்கு முக்கியம், ஏனெண்டா தூரத்துக்குக் காசு பெருசாக் கூடாது, கூடுறது நேரமும் வாசல்ல இருந்து ஸ்டேஷனுக்கு நடக்கிற நடையும்தான். அதால மெட்ரோவுக்குக் கிட்ட அரை மணித்தியாலம் தள்ளி இருக்கிற வீடு, மெட்ரோ இல்லாத இடத்தில ஓபிசுக்குக் கிட்ட இருக்கிற வீட்டை விட எத்தினையோ மேல் எண்டுதான் நான் சொல்லுவன், கார் வாங்கிற வரைக்குமாவது.

இண்டர்நேஷனல் சிட்டியை எடுத்தா, வாடகை குறைவுதான், ஒவ்வொரு பகுதிக்கும் சீனா, இங்கிலாந்து, மொரோக்கோ எண்டு நாட்டுப் பேர், பக்கத்தில டிராகன் மார்ட், சாமான் மலிவு. ஆனா இண்டைக்கு அங்க மெட்ரோ இல்ல. பஸ் எடுத்து மெட்ரோவுக்கு வந்து பிறகு மாற வேணும், அந்தப் பஸ்ஸுக்கு நிக்கிற நேரம்தான் உங்களைக் கொல்லும். ப்ளூ லைன் எண்டு 30 கிலோமீற்றரில ஒண்டு கட்டுகினம், அது இண்டர்நேஷனல் சிட்டி, சிலிக்கன் ஓயாசிஸ், அகடமிக் சிட்டிப் பக்கம் போகும், 2029 செப்டம்பர் 9 திறக்கிறதா அறிவிச்சிருக்கு. அப்ப பாக்கலாம், ஆனா அப்ப வாடகையும் இந்த விலையில நிக்காது.

ஷார்ஜாவைப் பற்றித்தான் நிறையப் பேர் கேக்கிறது. நான் ஒரு வருஷம் ஷார்ஜா நஹ்தாவில இருந்தனான். அல் நஹ்தா எண்டு ரெண்டு இருக்கு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் டுபாய் நஹ்தா, அந்தப் பக்கம் ஷார்ஜா நஹ்தா, எமிரேட்டே வேற, சட்டமே வேற, வாடகையும் வேற. என்ட ஜன்னலால பாத்தா டுபாய்க் கட்டடம் தெரியும், ஆனா காலம ஆறரைக்கு இறங்காட்டி ஒம்பதுக்கு ஓபிஸ் போய்ச் சேரேலாது. ஷார்ஜாவுக்கு மெட்ரோ இல்ல, அல் இத்திஹாத் ரோட்டும் இ 311 எண்ட நெடுஞ்சாலையும் காலம நிண்டுகொண்டுதான் ஓடும். கார் எண்டா சாலிக் கேட், அதாவது ரோட்டுக் கட்டணம் எடுக்கிற கேட், இருக்கு, 2007ல இருந்து ஒரு தரம் கடக்க 4 திர்ஹாமா இருந்தது, 2025 ஜனவரிக் கடைசியில இருந்து வேலை நாளில காலம 6 தொடக்கம் 10, பின்னேரம் 4 தொடக்கம் 8 எண்ட நேரங்களில 6 திர்ஹாம். ஒரு கேட் மட்டும் எண்டு வச்சாலும் போக வர 12, மாசம் 22 நாளைக்கு 264 திர்ஹாம். பெற்றோல் வேற, பார்க்கிங் வேற. வாடகையில மிச்சம் பிடிச்சதில ஒரு பங்கு ரோட்டில போயிடும், மிச்சப் பங்குக்கு நீங்க தினம் மூண்டு மணித்தியாலம் குடுக்கிறீங்க. பிள்ளை நித்திரையா இருக்கேக்க போய், நித்திரையான பிறகு வாற வாழ்க்கை அது. வேலை ஷார்ஜாவிலயே எண்டா கதை வேற, அப்ப தயங்காமல் அங்க இருங்கோ, கடற்கரையும் பார்க்கும் குடும்பத்துக்கு நல்ல இடம்.

காசுக் கணக்கைச் சரியாச் சொல்லுறன், இதிலதான் கொழும்பில இருந்து போறவை தடுமாறுறது. விளம்பரத்தில போடுறது வருஷ வாடகை, மாச வாடகை இல்ல. ஒரு பேச்சுக்கு ஒரு ரூம் ஃபிளாட் வருஷம் 60,000 திர்ஹாம் எண்டு வைப்பம், அதை நாலு செக்காப் பிரிச்சுக் குடுக்கிறதெண்டா முதல் செக் 15,000. அதோட டெபொசிட் 5 சதவீதம், 3,000. ஏஜெண்டுக்கு வழக்கமா 5 சதவீதம், இன்னொரு 3,000. கரண்டும் தண்ணியும் குடுக்கிறது டெவா, அதுக்கு ஃபிளாட்டுக்கு 2,000 டெபொசிட். கொன்ட்ராக்டை எஜாரி எண்ட அரசாங்க வாடகைப் பதிவில பதிய வேணும், அதுக்குச் சின்னத் தொகை. ஆகக் கூடி வாசல் திறக்க முதலே 23,000க்கு மேல, ஒரு திர்ஹாம் 80 ரூபா எண்டு பாத்தாலும் எங்கட காசில 18 லட்சத்துக்கு மேல. பிறகு ஒவ்வொரு மாசமும் டெவா பில்லோட வருஷ வாடகையில 5 சதவீதத்தைப் பன்னிரண்டாப் பிரிச்சு வீட்டு வரி எண்டு சேத்து எடுப்பினம், இந்தக் கணக்குக்கு மாசம் 250 திர்ஹாம், இதை விளம்பரத்தில ஆரும் போடமாட்டினம். திர்ஹாம் டொலரோட 3.67ல கட்டி வச்சிருக்கு, எங்கட ரூபா 2022ல விழுந்த மாதிரி விழுந்தா ஊர்ல கடன் பட்டுக் கொண்டு போற காசு பத்தாமல் போயிடும், அதையும் யோசியுங்கோ.

இன்னொரு பில் இருக்கு, சில்லர். பழைய கட்டடங்களில ஜன்னல் ஏசி, ஸ்பிளிட் ஏசி இருக்கும், அது கரண்ட் பில்லோட போகும். புதுக் கட்டடங்களில குளிர் தண்ணியை ஒரு பெரிய நிலையத்தில இருந்து குழாயால அனுப்பி முழுக் கட்டடத்தையும் குளிராக்கிறது, அதுக்கு வேற கம்பனி, வேற டெபொசிட், வேற பில். சில கட்டடத்தில அதை வீட்டுக்காரர் கட்டுவார், அதைத்தான் சில்லர் ஃப்ரீ எண்டு சொல்லுறது. நான் எடுத்த ரெண்டாவது வீட்டில ஏஜெண்ட் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல, ஜூலை மாசம் பில் வரேக்கதான் தெரிஞ்சுது. அதில நீங்க பாவிச்ச அளவுக்கு ஒரு தொகை, பாவிச்சாலும் பாவிக்காட்டிலும் ஒரு நிலையான தொகை எண்டு ரெண்டு இருக்கும், ஊருக்கு லீவில வந்து வீடு பூட்டிக் கிடந்தாலும் ரெண்டாவதைக் கட்டத்தான் வேணும். வாடகை கேக்க முதல் சில்லர் ஆர் கட்டுறது எண்டு கேளுங்கோ, பதிலை வட்ஸ்அப்பில எழுத்தில வாங்குங்கோ.

தனியாப் போற பெடியன்கள் முதல்ல பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு, அல்லது பார்ட்டிஷனில நிப்பினம், நானும் தேராவில அப்படித்தான் தொடங்கினனான். ஒரு ஹோலைப் பலகையால நாலாப் பிரிச்சு ஒவ்வொண்டிலயும் ஒரு கட்டில், ஜன்னல் ஒரு பக்கத்துக்கு மட்டும், மற்ற மூண்டு பேருக்கும் வெளிச்சம் தெரியாது. 2025 ஜூனில டுபாய் மாநகரசபை ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா பகுதிகளில அனுமதியில்லாத பார்ட்டிஷன்களை உடைக்கத் தொடங்கினது, காரணம் தீ. நெருப்புப் பிடிச்சா அந்தப் பலகைச் சந்தால வெளிய வரேலாது, அதில நியாயம் இருக்கு. ஆனா அந்த ஆக்கள் எங்க போறது எண்ட கேள்வி இன்னும் அப்படியே கிடக்கு, எனக்கு அது மனசில நிண்டு வலிக்கிற விஷயம். ஒரு முழு ரூமை ரெண்டு பேர் சட்டப்படி பகிர்ந்து எடுக்கிறது செலவு கூடத்தான், ஆனாலும் அதைத்தான் செய்யுங்கோ. குடும்பத்தைக் கூப்பிட நினைக்கிறவைக்கு இன்னொரு காரணமும் இருக்கு, குடும்ப விசாவுக்கு ஸ்பொன்சர் பண்ண சம்பளம் குறைஞ்சது 4,000 திர்ஹாம், இல்லாட்டி 3,000உம் கம்பனி குடுக்கிற வீடும் வேணும், அதோட உங்கட பேரில பதிஞ்ச வாடகைக் கொன்ட்ராக்டும் வேணும். பெட் ஸ்பேஸுக்கு அது கிடைக்காது.

பிள்ளைகள் இருந்தா ஸ்கூல்தான் வீட்டைத் தீர்மானிக்கும். இந்திய சிலபஸ் ஸ்கூல்கள் குசைஸ், ஊத் மேத்தா பக்கம் கனக்க இருக்கு, அதுகளுக்கு வருஷம் ஏப்ரல்ல தொடங்கும், பிரிட்டிஷ் சிலபஸுக்குக் கோடை லீவு முடியத்தான் தொடங்கும். நீங்க ஜனவரியில போனா பிள்ளைக்கு எந்த இடத்தில சீட் இருக்குது எண்டு பாத்த பிறகுதான் ஃபிளாட் பாக்க வேணும், மாறிச் செய்தா ஸ்கூல் பஸ்ஸில பிள்ளை தினம் ஒரு மணித்தியாலம் இருக்கும்.

ஃபிளாட் பாக்கப் போகேக்க என்ன செய்ய வேணும் எண்டா, பின்னேரம் ஆறு மணிக்குப் போகாதேங்கோ, ஏஜெண்ட் அந்த நேரத்தைத்தான் சொல்லுவார். மத்தியானம் ஒண்டரைக்கும் மூண்டுக்கும் இடையில போங்கோ. ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போங்கோ, நிழல் எங்க இருக்கு, நடைபாதை எங்க முடியுது எண்டு பாத்துக்கொண்டு. உள்ள போனா மேற்குச் சுவரில உள்ளங்கையை வச்சுப் பாருங்கோ, பின்னேர வெய்யில் விழுற சுவர் உள்பக்கமும் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடும், அந்த ரூமில ஏசி இரவு முழுக்க ஓடியே தீரும். கொழும்பில மேற்கு எண்டா கடல், காத்து, அஸ்தமனம், அதுக்குத்தான் கூடக் காசு. அங்க மேற்கு எண்டா பில்.

பிறகு குளிர் தண்ணிப் பைப்பைத் திறந்து ஒரு நிமிஷம் விட்டுக் கையைப் பிடியுங்கோ. பழைய கட்டடங்களில தண்ணித் தாங்கி மொட்டை மாடியில வெய்யில்ல நிக்கும், கோடையில குளிர் பைப்பில கொதிதண்ணிதான் வரும். நாங்கள் செய்யிறது என்னெண்டா மே மாசத்தோட தண்ணி சூடாக்கிற கீசரை ஓஃப் பண்ணிடுறது, அது வீட்டுக்குள்ள ஏசியில இருக்கிறபடியா அதுக்குள்ள நிக்கிற தண்ணி ஆறிப் போயிருக்கும், சுடுதண்ணிப் பைப்பைத் திறந்தாத்தான் குளிர்ந்த தண்ணி. முதல் வருஷம் வாறவை எல்லாரும் இதைப் பக்கத்து வீட்டுக்காரரிட்டத்தான் கேட்டுப் படிக்கிறது. சமையலறைக்குக் கதவு இருக்குதா எண்டும் பாருங்கோ. ஸ்டுடியோ ஃபிளாட்டில அடுப்பும் கட்டிலும் ஒரே ரூம், ஜன்னல் திறக்கேலாத மாசத்தில கருவாடு பொரிச்சா மூண்டு நாளைக்குத் தலகணியில மணக்கும். ஜன்னல் விளிம்பில விரலால தடவுங்கோ, மணல் இருந்தா ரப்பர் போயிட்டுது, வடமேற்கில இருந்து ஷமால் காத்து அடிக்கிற நாளில மாவு மாதிரித் தூசு சோத்துக் கோப்பையில வந்து விழும்.

மழையையும் மறக்காதேங்கோ. பாலைவனத்தில மழையா எண்டு கேப்பீங்க. 2024 ஏப்ரல் 16, நான் அங்க நிண்டனான், 1949ல பதிவு தொடங்கினதில இருந்து அப்படி ஒரு மழை பெய்யேல்ல எண்டு சொன்னவை, அல் ஐன் பக்கம் ஒரு இடத்தில ஒரு நாளுக்குள்ள 254.8 மில்லிமீற்றர். வெள்ளவத்தை வாய்க்கால் நிரம்பினா ரெண்டொரு நாளில வடிஞ்சு கடலுக்குப் போயிடும், அங்க வடியிறதுக்கு வாய்க்கால் போதாது, ஷார்ஜாவில சில இடங்களில தண்ணி நாள்கணக்கா நிண்டது, ஆக்கள் சாப்பாட்டைப் படகில வாங்கினவை. அதுக்குப் பிறகு டுபாய் 30 பில்லியன் திர்ஹாமில வடிகால் திட்டம் அறிவிச்சிருக்கு, முடியிறது 2033ல. அது வரைக்கும் கீழ்த்தளத்தில வீடு எடுக்காதேங்கோ, நிலத்தடி பார்க்கிங் இருந்தா அந்த நாள் தண்ணி வந்ததா எண்டு வாச்சரிட்டக் கேளுங்கோ, ஏஜெண்டை விட வாச்சருக்குத்தான் கட்டடத்தின்ட சரித்திரம் தெரியும்.

எடுத்த பிறகு உங்களுக்குச் சட்டம் ஓரளவுக்குத் துணை நிக்கும். டுபாயில கொன்ட்ராக்ட் புதுப்பிக்கேக்க வாடகை கூட்டிறதெண்டா 90 நாளுக்கு முதல் சொல்ல வேணும், அரசாங்கத்தின்ட வாடகைச் சுட்டெண்ணுக்கு மேல கூட்டேலாது, எவ்வளவு குறைவான வாடகையா இருந்தாலும் ஒரு தடவைக்கு 20 சதவீதம்தான் உச்சம். வீட்டை விக்கப் போறன், சொந்தப் பாவனைக்கு வேணும் எண்டு சொல்லி எழுப்பிறதெண்டா 12 மாசம் முதல் நொத்தாரிஸ் மூலமோ பதிவுத் தபாலிலயோ அறிவிக்க வேணும். இதெல்லாம் எஜாரி பதிஞ்சவைக்கு.

தம்பிக்கு நான் சொன்னது, முதல் மாசம் யூனியன் ஸ்டேஷன் பக்கம் மாச வாடகைக்கு ஒரு ரூம் எடு, ரெட்டும் கிரீனும் சந்திக்கிற இடம், அங்க இருந்து நடந்து பார், கொழும்பில இருந்துகொண்டு படத்தைப் பாத்துக் காசு மட்டும் அனுப்பிடாதே. கராமாவில இருந்தா பிஸ்னஸ் பேக்கு ரெட் லைனில நேர ஆறு ஸ்டேஷன், குசைஸில இருந்தா கிரீன்ல வந்து யூனியனில மாற வேணும், ஆனா குசைஸில அதே காசுக்கு வீடு கொஞ்சம் பெருசாக் கிடைக்கும், நாளைக்குக் கலியாணம் கட்டி மனிசியைக் கூப்பிட்டாலும் போதும். அவன் இண்டர்நேஷனல் சிட்டிப் படங்களை அழிச்சிட்டான், இப்ப குசைஸில மூண்டும் கராமாவில ரெண்டும் மிச்சம் இருக்கு. நேற்று இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் போட்டிருந்தான்: "அண்ணா, கராமா வீட்டில பெரிய ஜன்னல் மேற்குப் பக்கமாம், சில்லர் இல்ல, ஜன்னல் ஏசிதான். ஸ்டேஷனுக்கு ஆறு நிமிஷம். என்ன செய்யட்டும்?"